இடப்பக்கம் ஏழு காலடி

உங்கள் ஸ்டேஷனில் காற்று நன்றாக வருகிறது, ஐயா. போன சித்திரையில் சாட்சி சொல்ல வந்தபோதே கவனித்தேன். கடலைப் பார்த்த ஜன்னல், உயரமான கூரை, குறுக்கே ஒரு மாடி வீடு கிடையாது. ராயபுரத்தில் இப்படி ஓர் இடத்துக்கு வாடகை கேட்டால் மயக்கம் வரும். சர்க்கார் என்னடாவென்றால் இதைத் திருடர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. அதோ லாக்கப்பில் ஜன்னலோரம் ஒரு பெரியவர் குறட்டை விடுகிறாரே, சாராயம் காய்ச்சிய கேஸ் என்று ஏட்டு சொன்னார். காய்ச்சட்டும். பகல் மூன்று மணிக்கு இப்படித் தூங்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டாமா.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தாமோதரன், வயது அறுபத்தைந்து. ஹார்பரில் முப்பத்தோரு வருஷம் வின்ச் ஓட்டினேன். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டையும் பெட்டியும் தூக்கி, அந்தரத்தில் திருப்பி, கரையில் இறக்குகிற வேலை. என் கையில் ஒரு பீங்கான் தட்டு உடைந்ததில்லை. தான் திரும்புவது பாரத்துக்கே தெரியக்கூடாது, அதுதான் வேலைக்காரனுக்கு அழகு. சுதந்திரம் வந்த வருஷம் எனக்கும் விடுதலை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நாடே விழித்துக்கொண்டது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் எதற்கு விழித்துக்கொண்டேன் என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.

வயதானால் தூக்கம் குறையும் என்பார்கள். குறைந்தால் பரவாயில்லை ஐயா, எனக்கு அடியோடு நின்றுபோயிற்று. நாங்கள் இருப்பது பன்னிரண்டு குடித்தனம் உள்ள ஸ்டோர் வீடு. என் பங்குக்கு ஜன்னல் இல்லாத ஒரு அறை. சுவருக்கு அந்தப் பக்கம் குழாயடி. விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் வரும், மூன்று மணிக்கே குடங்கள் சண்டைக்கு வந்துவிடும். நடுவில் என் சம்சாரம் மங்கம்மா வேறு.

"இன்னாய்யா இது, ராவெல்லாம் பொரண்டுகினே கீற. பாயி பாவம்யா, அதுக்காச்சும் கொஞ்ச நேரம் ரெஸ்ட் குடு."

இதைச் சொல்லிவிட்டு அவள் அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவாள். நாற்பது வருஷமாக அவளிடம் நான் பொறாமைப்பட்ட ஒரே விஷயம் அதுதான்.

கம்பவுண்டர் ஜார்ஜிடம் போனேன். டாக்டர் இல்லாத நேரத்தில் அவர்தான் எங்கள் தெருவுக்கு டாக்டர், இருக்கிற நேரத்திலும் அப்படித்தான். நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். "நாலு மணிக்கு மேல காப்பி தொடாத. காத்தாடப் படு. மனசுல எதுவும் வச்சிக்காத. இந்த மூணும் பண்ணு, அப்பால மருந்தே வாணாம்" என்றார். காப்பியை அன்றே விட்டேன். மனசில் வைத்துக்கொள்ள அப்போது என்னிடம் எதுவும் இல்லை. பாக்கி இருந்தது காற்று ஒன்றுதான்.

அந்தக் காற்று எங்கள் வீட்டில் ஒரே இடத்தில் வரும், மொட்டை மாடியில். முன்பெல்லாம் ஆம்பிளைகள் எல்லாரும் அங்கேதான் படுப்போம். உலகச் சண்டைக் காலத்தில் ஒரு பெருமழை அடித்ததே, அதில் கிழக்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவர் இடிந்து சந்தில் விழுந்தது. வீட்டுக்காரர் அடுத்த மாசம் கட்டிக் கொடுப்பதாகச் சொன்னார். எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், மனிதர் சொன்ன சொல் மாறவில்லை. அதுவரை மேலே ஒரே ஒரு கட்டில்தான் போடலாம், அதுவும் வீட்டில் வயதில் மூத்தவருக்குத்தான் என்று எல்லாருமாகக் கூடி முடிவு செய்தார்கள். சுவர் இல்லாத மாடியில் கண் தெரியாத கிழவரைப் படுக்க வைப்பதற்குப் பெயர் மரியாதை. விழுந்தாலும் பெரிய நஷ்டமில்லை என்று நினைத்தார்களோ என்னவோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த மூத்தவர்தான் தவசிமுத்து. எழுபத்தெட்டு வயது, பழைய படகுக்காரர். மகள் பூவம்மா மீன் விற்றுக் காப்பாற்றிவந்தாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, வெளிச்சம் இருட்டு இரண்டுதான் தெரியும். மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். இருமல் இல்லை, மூச்சிரைப்பு இல்லை, வஞ்சிர மீன் தலையைக் கடித்துச் சாப்பிடுவார். வயதில் அவருக்கு அடுத்தவன் நான். வரிசையில் நின்றுகொண்டு முன்னால் நிற்பவரின் ஆரோக்கியத்தைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது, உங்களுக்கு இன்னும் வயதிருக்கிறது.

அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதும்போது அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒருநாள் படியேறும்போது நின்று, "இன்னா தாமோதரா, தூக்கமே வர்லியாமே. மங்கம்மா சொல்லிச்சி. மேல வந்து சித்த நேரம் குந்து, காத்து சோக்கா கீது" என்று கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். அங்கேயே கண் சொக்கியது. பத்து நிமிஷம் இருக்கும். பிறகு அவர் என் தோளைத் தட்டி, "நா படுக்கணும் நைனா" என்றார். அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுக்காமலே இருந்திருக்கலாம். பசித்தவனுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு இலையை இழுத்துக்கொள்வது என்ன தர்மம்.

அதற்குப் பிறகு அடிக்கடி மேலே போனேன். அப்போதுதான் அவர் எப்படி நடமாடுகிறார் என்று பார்த்தேன். கட்டில் மாடிக்கு நடுவில் இருக்கும். தெற்கே தலை வைத்துப் படுப்பார். எழுந்தால் எப்போதும் இடப்பக்கம்தான் இறங்குவார். நேராக ஏழு காலடி வைத்தால் மேற்கே படிக்கட்டு, கைக்குச் சுவர் கிடைக்கும். தடி கிடையாது, தடவல் கிடையாது, கப்பல் தளத்தில் நடக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். "கட்டில் இருந்தா போதும், எனக்குக் கண்ணு எதுக்கு" என்று பெருமை பேசுவார். மேற்கே ஏழு காலடியில் படி. கிழக்கே ஐந்து காலடியில் ஒன்றும் இல்லை. நான் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று போகவில்லை, எண்ணம் அதுவாக வந்தது.

கட்டில் கயிற்றுக் கட்டில். திரும்பிப் படுத்தால் கால் தரையில் உராய்ந்து கிரீச் கிரீச் என்று சத்தம். அது அவர் தூக்கத்துக்கு நல்லதில்லை என்று எனக்குப் பட்டது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு சாக்குத் துண்டை எண்ணெயில் நனைத்து எடுத்துப் போய், நாலு காலுக்கும் அடியில் வைத்தேன். ஆட்டிப் பார்த்தார், சத்தமே இல்லை.

"நல்லா இருப்பப்பா. பெத்த புள்ளைகூட இப்டிச் செய்யாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ராத்திரி வேளையை நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. கடல் காற்று நடுச்சாமத்துக்குப் பிறகு ஓய்ந்துவிடும், கொஞ்ச நேரம் இலை அசையாது. காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்று வைத்துத் திசை கண்டுபிடிக்கிற மனிதர் அவர், அதனால் அந்த நேரத்துக்காகக் காத்திருந்தேன். ஆள் எடை ஒன்றரை மூட்டைகூட வராது. தலைமாட்டைக் கொஞ்சம், கால்மாட்டைக் கொஞ்சம், மறுபடி தலைமாட்டைக் கொஞ்சம். முப்பத்தோரு வருஷ வேலை, ஐயா, கை மறக்குமா. அவருடைய குறட்டை ஒரு இடத்தில்கூட இடறவில்லை. தலை வடக்கே வந்தது. வடக்கே தலை வைக்கக்கூடாது என்று எங்கள் ஜனங்கள் சொல்வார்கள். அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், அதெல்லாம் பார்க்க மாட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நான் அவர்மேல் விரலை வைக்கவில்லை. கட்டிலைத் திருப்பினேன், அவ்வளவுதான். இறங்கியது அவர், நடந்தது அவர். வலப்பக்கம் இறங்கியிருந்தால் நேரே படிக்கட்டு, அப்படி இறங்க வேண்டாம் என்று நான் தடுக்கவும் இல்லை.

கீழே வந்து என் பாயில் படுத்தேன். இதைக் கேளுங்கள், இதுதான் வேடிக்கை. படுத்ததும் தூங்கிவிட்டேன். அவர் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அதே அறை, அதே குழாயடி, அதே மங்கம்மா. பூவம்மா அலறித்தான் எழுந்தேன். எல்லாரும் சந்துக்கு ஓடினார்கள், நான் மாடிக்கு ஓடினேன். எப்படி விழுந்தார் என்று பார்க்கப் போனதாகச் சொன்னேன். காலிக் கட்டிலைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும். சாக்குத் துண்டுகளை மூலையில் போட்டேன். பிறகு உங்கள் ஆட்கள் யாரோ வந்து பார்த்து, கிழவர், கண் தெரியாது, கால் தவறிவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அழகான கையெழுத்து. நானும் இங்கே வந்து அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினாறாம் நாள் எல்லாருமாகக் கூடி எனக்குக் கட்டிலைக் கொடுத்தார்கள். குமாரவேல் என்று ஒருவர், பழைய டிராம் கண்டக்டர், எனக்கு இரண்டு வயது இளையவர். அவரே என் தலையணையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். எட்டு மாசம் ராஜா மாதிரி தூங்கினேன் ஐயா. முகம் தெளிந்துவிட்டதென்று ஜார்ஜ் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். தெருவில் தூக்கம் வராத கிழவர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்டார்கள். நாலு மணிக்கு மேல் காப்பி தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

போன தை மாசம் எனக்கு இடது கண் மங்கியது. அதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்க்காத குமாரவேல் அதற்குப் பிறகு தினமும் வந்தார். பால் கொண்டுவருவார், ஜாதிக்காய் உரைத்துப் போட்டு.

"அண்ணே, கண்ணு இப்போ எப்டி கீது? படியெல்லாம் தெரியுதா?"

நல்ல மனிதர், அக்கறையாகத்தான் கேட்டார். போன வாரம் மூலையில் எதையோ குனிந்து எடுத்தார். நாலு சாக்குத் துண்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு.

"இது கட்டில் காலுக்கு வெக்கற துண்டாச்சே. கட்டில் ரொம்ப சத்தம் போடுதுண்ணே, வச்சி உட்டுமா? சோக்காத் தூங்குவ" என்றார்.

வேண்டாம் என்றேன். பரவாயில்லை அண்ணே என்று அவராகவே வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஏழு ராத்திரி, காற்று ஜிலுஜிலுவென்று அடிக்கிறது, நான் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு ஹார்பர் மணியை எண்ணுகிறேன். நேற்று ஜார்ஜிடம் போய்ச் சொன்னேன். காப்பி இல்லை, காற்று இருக்கிறது, ஆனாலும் வரவில்லை என்று. "அப்போ மனசுல எதையோ வச்சிகினு கீற. எங்கயாச்சும் கொட்டிட்டு வா" என்றார். அதற்குத்தான் வந்தேன். வாசலில் பாராக்காரர், உள்ளே பூட்டு, சிமெண்டுத் தரை. கட்டிலே கிடையாது, திருப்புவதற்கும் ஒன்றும் இல்லை. எல்லா வகையிலும் சௌகரியம்.

எல்லாம் சொல்லிவிட்டேனா. ஒன்று விட்டுப்போய்விட்டது. அந்த வியாழக்கிழமை நான் குனிந்து சாக்கு வைத்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு சேதி சொன்னார். "தாமோதரா, இனிமே என்னால படியேற முடியாது. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் நா கீழயே வந்துட்றேன். பூவம்மாகிட்டயும் சொல்லிட்டேன். கட்டில நீ எடுத்துக்கோ, நீதான் பாவம் தூக்கமில்லாம கெடக்கற."

பூவம்மா சவ அடக்கத்தன்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். "உனக்குக் குடுக்கறதுக்குள்ள போயிட்டாரேண்ணே" என்று என் மடியில் விழுந்தாள். நானும் அழுதேன். பொய்யாக இல்லை, நிஜமாகவே அழுகை வந்தது.

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். வியாழனுக்கும் ஞாயிற்றுக்கும் நடுவில் மூன்று ராத்திரி இருக்கிறது. தூங்குகிறவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது.

கையெழுத்து எங்கே போட வேண்டும். இங்கேயா. சரி. இப்போது மனசு லேசாக இருக்கிறது, ஜார்ஜ் கெட்டிக்காரர்தான். உள்ளே எங்கே வேண்டுமானாலும் படுத்துக்கொள்கிறேன், எனக்கு ஆசையெல்லாம் விட்டுப்போயிற்று. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், அந்த ஜன்னலோரத்துப் பெரியவருக்கு என்ன வயது இருக்கும், ஐயா?