முதலில் ஏறுகிறவன்

நாகமலை ஏறுவதற்கு ரப்பர் செருப்பே போதும் சார். அன்றைக்கே உங்களிடம் சொல்ல நினைத்தேன். புது ஷூ போட்டுக்கொண்டு வந்து, பாதி மலையில் குதிகால் உரிந்து உட்கார்ந்துவிட்டீர்கள். உச்சி வரைக்கும் உங்கள் பையையும் சேர்த்து நான்தான் தூக்கிப் போனேன். சொல்லிக்காட்டவில்லை. தெரிந்த மனுஷர் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் அவசரமில்லாமல் எழுதிக்கொள்ளலாம்.

என் பெயர் வீரணன். கட்டிடங்களுக்குச் சாரம் கட்டுவது தொழில். சவுக்குக் கம்பும் கயிறும் என்னுடையவை. அதன்மேல் நின்று பூசுகிற கொத்தனாரின் உயிரும் வேலை முடிகிறவரை என் கையில் என்பார்கள். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்ததும் கட்டியவன்தான் முதலில் ஏற வேண்டும். மேலே போய்ப் பலகையில் நின்று நன்றாக ஒரு குதி குதிக்க வேண்டும். அப்புறம் கீழே பார்த்து "ஏறு" என்றால்தான் கொத்தனார் கால் வைப்பார். எழுத்து, கையெழுத்து ஒன்றும் கிடையாது. அந்த ஒரு சொல்தான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மாவும் அப்பாவும் அந்த மலையடிவாரத்தில் கல் உடைத்தவர்கள். மேலே போய் விறகு பொறுக்கினால் வனத்துறை வாட்சர் விரட்டுவார். ஒரு தடவை அம்மாவின் தலைச்சுமையைத் தடியால் தட்டிவிட்டார்; அவள் வெறுந்தலையோடு இறங்கி வந்தாள். எங்களுக்கு மலை என்றால் இறங்கும்போது தலையில் ஏதாவது இருக்க வேண்டும். சும்மா ஏறிச் சும்மா இறங்குவதற்கு ஆட்கள் பணம் கட்டுவார்கள் என்று பத்ரிநாத் சொன்னபோது சிரித்துவிட்டேன்.

பத்ரிநாத்தை உங்களுக்குத் தெரியும். ஜவுளிக்கடைக்காரர். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்களுக்கெல்லாம் தலைவர். அவர் வீட்டுக்குச் சாரம் கட்டப் போனதில் பழக்கம்.

"வீரணன், கஷ்டப்படுறவங்கள நேர்ல பாக்குற ஆளு நீங்க. யாருக்காக நடக்கலாம்னு நீங்கதான் சொல்லணும்," என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வேலையில் விழுந்து அடிபட்ட ஒருவரை வருஷா வருஷம் நான் கண்டுபிடித்துக் கொண்டுவருவேன். அவர் வைத்தியத்துக்கு நன்கொடை திரட்டிக்கொண்டு எல்லாரும் நாகமலை ஏறுவோம். ஆளைக் கொண்டுவந்தவனுக்குக் கொடி. அடிவாரத்தில் அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடி கொடியை என் கையில் கொடுப்பார், நான் முன்னால் ஏறுவேன். பின்னால் டாக்டர், வக்கீல், பேங்க் மேனேஜர், நீங்கள். வாட்சர் எனக்குச் சல்யூட் அடிப்பார். தினமும் வாங்குகிறவர் நீங்கள், அதன் ருசி உங்களுக்கு மறந்திருக்கும்.

இந்த வருஷத்து ஆள் மொக்கைச்சாமி. லோடுமேன், ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. டி-ஷர்ட் அச்சடித்து வந்துவிட்டது: 'நடக்க முடியாதவருக்காக நடப்போம்'. வனத்துறை அனுமதியும் வாங்கியாகிவிட்டது. நடைக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருந்தது. அந்த நேரம் பார்த்து மொக்கைச்சாமி நான் வேலை பார்க்கிற இடத்துக்கு நடந்தே வருகிறான்.

"அண்ணே, மருமகன் திருப்பூர்ல ஒரு முகாமுல சொல்லிச் செயற்கைக் கால் வாங்கிக் குடுத்துட்டாருண்ணே. பாருங்க, ஓடியே காட்டுறேன்."

காட்டினான். செங்கல் அடுக்கைச் சுற்றி ஒரு ரவுண்டு.

"ரொம்பச் சந்தோசம் மொக்கை. அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்த நாற்காலில உக்காந்துரு," என்றேன்.

"கால் வந்தப்பறம் எதுக்குண்ணே உக்காரணும்? நானும் ஒங்ககூட ஏறுறேன். எனக்கொரு பனியன் எடுத்து வைங்க. தொளதொளன்னு வேணாம்."

பத்ரிநாத் போனில் சிரித்தார். "நல்ல விஷயந்தான வீரணன். வேற ஆள் பாருங்க. கெடைக்கலைன்னா சொல்லிடுங்க, நம்ம ரியல் எஸ்டேட் விஜய்ஆனந்துட்ட ஒரு கேஸ் இருக்காம். இந்த வருஷம் கொடிய அவர் பிடிக்கட்டும்."

முதலில் முறையாகத்தான் தேடினேன். அலங்காநல்லூரில் ஒருவர், நல்ல அடி, ஆனால் குடி. புதுக்கோட்டையில் ஒருவருக்குச் சர்க்கரையில் கால் எடுத்திருந்தார்கள். இனிப்புச் சாப்பிட்டவருக்காக யார் மலை ஏறுவார்கள்? இன்னொரு குடும்பம் எல்லா வகையிலும் பொருத்தம், போட்டோ மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்கள். கமிட்டியில் சில எதிர்பார்ப்புகள் உண்டு. குடிக்கக் கூடாது. வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியமாக இருக்க வேண்டும். மனைவி மைக்கில் நாலு வார்த்தை பேச வேண்டும். முகம் பார்த்தால் இரக்கம் வர வேண்டும், அழுமூஞ்சியாகவும் இருக்கக் கூடாது. இதையெல்லாம் யோசித்துக்கொண்டே சாரத்தை அண்ணாந்து பார்த்தேன். மேலே சிவபாண்டி பூசிக்கொண்டிருந்தான். எல்லாமே பொருந்தியது. அவன் இன்னும் விழவில்லை, அது ஒன்றுதான் குறை.

சிவபாண்டி என் சாரத்தில் வெகுநாளாக வேலை பார்த்த கொத்தனார். அவன் மனைவி முத்துச்செல்வி எனக்கும் சேர்த்துத்தான் தூக்குவாளியில் குழம்பு ஊற்றி அனுப்புவாள். அவன்மேல் எனக்குக் கோபம் ஏதாவது இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை சார். கோபம் இருந்திருந்தால் அவனைத் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டேன். ஆகாத ஆளுக்கு எதற்கு அவ்வளவு பெரிய உதவி?

மறுநாள் காலையில் வடக்குச் சுவருக்குச் சாரத்தை மாற்றிக் கட்டினேன். குறுக்குக் கம்பின் ஒரு முனையில் கயிற்றைப் பேருக்குச் சுற்றிவிட்டேன். முடிச்சு பார்வைக்குத்தான். கீழே கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு மணலை நானே பரப்பினேன். ஒரு கால் போதும் என்பது என் கணக்கு. அடுத்த வருஷம் அவனும் மொக்கைச்சாமி மாதிரி ஓடிக் காட்டுவான்.

"கட்டு பாத்தாச்சாண்ணே?"

"பாத்தாச்சு மாப்ள. ஏறு."

"நீங்க ஏறலையா?"

"முட்டி வலிடா. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"வயசாகுதுல்ல. மதினிய தைலம் தேய்ச்சுவிடச் சொல்லுங்க," என்று சிரித்துக்கொண்டே ஏறினான். மேலே போனதும், எனக்குப் பதிலாக அவனே ஒரு குதி குதித்தான்.

மணலில்தான் விழுந்தான். அதுவரைக்கும் கணக்கு சரி. பின்னாலேயே கம்பு சரிந்து வந்து இடுப்பில் விழுந்தது. அதை நான் யோசிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனை மடியில் போட்டு ஆட்டோவில் கொண்டுபோனது நான். "நீங்க பக்கத்துல இருந்ததால உசுராச்சும் மிஞ்சுச்சுண்ணே," என்று முத்துச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதுவும் உண்மைதான். நான் பக்கத்திலேயேதான் இருந்தேன்.

நடையன்று கூட்டத்தை நீங்களே பார்த்தீர்கள். எந்த வருஷமும் அப்படி வந்ததில்லை. மொக்கைச்சாமி செயற்கைக் காலோடு உங்களைத் தாண்டிப் போனபோது எல்லாரும் உங்களைக் கேலி செய்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள். முத்துச்செல்வி மைக்கில் பேசினாள். பத்ரிநாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டு பாஷையில் மனைவியிடம் ஏதோ சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் வந்திருந்த சிவபாண்டி நாற்காலியிலிருந்தபடி கொடியை என்னிடம் கொடுத்தான். நான் முதலில் ஏறினேன். நல்ல காற்று. வாட்சர் சல்யூட் அடித்தார்.

இறங்கி வந்ததிலும் நான்தான் முதல். பொங்கல் தட்டை வாங்கிக்கொண்டு அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன். அவன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முட்டி எப்பிடி இருக்குண்ணே?"

"எந்த முட்டி மாப்ள?"

நான் செய்த தப்பு அதுதான். பசி, வாயில் பொங்கல் வேறு, யோசிக்காமல் வந்துவிட்டது. அவன் கையிலிருந்த தட்டைக் கீழே வைக்க முயன்றான், எட்டவில்லை. நான்தான் வாங்கி வைத்தேன்.

"இம்புட்டு வருசத்துல, நீங்க முன்னால ஏறாம நான் பாத்தது அன்னைக்கு ஒரு நாளுதாண்ணே," என்றான். மறுநாள் முத்துச்செல்வி ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், கட்டைத் தளர்வாக விட்டது நான். தெரிந்தேதான் விட்டேன். அவனை ஏறச் சொன்னதும் நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. அவனுக்காக இந்த ஊர் டாக்டரும் வக்கீலும் மலை ஏறினார்கள். நீங்கள் குதிகால் உரிய உரிய ஏறினீர்கள். இரண்டு காலோடு அவன் நின்றுகொண்டிருந்த காலத்தில், அவனுக்காக யாராவது ஒரு மாடிப்படியாவது ஏறியிருப்பார்களா சார்?