ஏரிச் சேற்றுக்கு ஒரு மாணவி

— உக்காரச் சொல்லலைன்னு நிக்கிறியா, உக்கார இடமில்லைன்னு நிக்கிறியா?

— நாற்காலி மேல பாட்டில் இருக்கு டாக்டர்.

— எடுத்துக் கீழ வை. மெதுவா... மூடி சரியில்ல, ஆட்டினா ஒழுகும்.

— இது என்னது?

— மர்யூத் ஏரி. அடிச்சேறு. ஏன், மூக்கைச் சுளிக்கிற?

— சுளிக்கலையே. ஜலதோஷம்.

— நல்ல நேரம் பாத்து வந்திருக்கு ஜலதோஷம். சரி, சொல்லு. நாலாம் வருஷமா?

— ஆமா டாக்டர். ஆராய்ச்சிப் பாடத்துக்குக் கைடு வேணும். நீங்க சம்மதிச்சா...

— இன்னிக்கு வியாழக்கிழமை.

— தெரியும்.

— பேர் குடுக்க இன்னிக்கு மதியத்தோட கடைசி.

— அதுவும் தெரியும் டாக்டர்.

— இத்தனை நாள் எங்க போயிருந்த?

— யோசிச்சிட்டிருந்தேன். ஆராய்ச்சின்னா சும்மாவா? அவசரப்பட்டு யார்கிட்டயாவது போய் விழக் கூடாதில்ல.

— ஓ. யோசிச்சு யோசிச்சு, கடைசியில என்கிட்ட வந்து விழுந்தியாக்கும்.

— விழல டாக்டர். தேர்ந்தெடுத்தேன்.

— வாய் நல்லா இருக்கு. நான் என்ன ஆராய்ச்சி பண்றேன்னு தெரியுமா?

— ஏரிக் கிருமிங்க. எண்ணெயைத் திங்கறதுங்க. ஆலைக் கழிவுல வர்ற எண்ணெயை அதுங்க தின்னு செரிச்சிடும்னு...

— யார் சொன்னா?

— உங்க கட்டுரையைப் படிச்சேன்.

— எப்போ?

— போன மாசம்.

— போன மாசமா?

— ...இன்னிக்குக் காலையில. ட்ராம்ல, நின்னுக்கிட்டே. முக்கால்வாசி.

— முழுசும் படிச்சேன்னு சொல்லியிருந்தா இப்பவே எழுந்து போன்னு சொல்லியிருப்பேன். அதோட கடைசிப் பக்கத்தை எழுதின என்னாலயே படிக்க முடியாது.

— அப்ப என்னைச் சேத்துக்கறீங்களா?

— இரு இரு. என்கிட்ட ஏற்கெனவே நிறைய பேர் கேட்டிருக்காங்க. பாத்துத்தான் சொல்லணும்.

— நிறைய பேரா?

— ஏன், வாயைப் பிளக்கற?

— இல்ல... பசங்க பேசிக்கறது வேற மாதிரி.

— எப்படிப் பேசிக்கறாங்க?

— ஒண்ணுமில்ல டாக்டர்.

— சொல்லு. நான் கேக்காததா.

— உங்ககிட்ட சேந்தா ட்ராம்ல பக்கத்து சீட்டு எப்பவும் காலியாவே கிடைக்கும்னு.

— அது உண்மைதான். நான் நின்னுக்கிட்டுப் போய் வருஷக்கணக்காச்சு. சிரி, பரவால்ல. ரயில்ல அலெக்சாண்ட்ரியாவுக்கு வர்ற ஜனமே ஏரி வந்தா ஜன்னலை இழுத்துச் சாத்துது. உன் கூட்டாளிங்களைச் சொல்லி என்ன. எல்லாருக்கும் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கணும். வெள்ளைக் கோட்டுல கறை படக் கூடாது.

— எனக்குக் கறை பட்டாப் பரவால்ல டாக்டர்.

— அது சரி, உன்னை வேற யாரும் கூப்பிடலையா?

— கூப்பிட்டாங்களே. டாக்டர் ஹாஸிம் கூட...

— எந்த ஹாஸிம்?

— புற்றுநோய் ஆராய்ச்சி பண்றாரே...

— அவன் போன வருஷமே குவைத்துக்கு வேலைக்குப் போயாச்சு. என்கிட்டயே கதை விடறியா?

— மன்னிச்சிடுங்க டாக்டர்.

— உண்மையைச் சொல்லு. யார் யார்கிட்ட போன?

— எல்லார்கிட்டயும்.

— எல்லார்கிட்டயுமா?

— இந்த மாடி, கீழ் மாடி... தாவரவியல் பக்கமும் போய்ப் பாத்துட்டேன். பாசி ஆராய்ச்சி பண்ற அந்த வயசானவர் இருக்காரே, அவர் மட்டும் டீ குடுத்து இல்லைன்னு சொன்னாரு. மத்தவங்க டீ கூடக் குடுக்கல.

— ஏன், மார்க்கு கம்மியா?

— மார்க்கெல்லாம் நல்ல மார்க்குதான்.

— அப்புறம் என்ன?

— பேரைச் சொன்னதும் முகம் மாறிடுது.

— பேரா? ஆமா... உள்ள வந்து இவ்வளவு நேரமாச்சு, நீ இன்னும் பேரே சொல்லலையே.

— கண்டிப்பா சொல்லணுமா டாக்டர்?

— பேரில்லாம எப்படி உனக்குக் கையெழுத்து போடறது?

— நெர்மீன்.

— நெர்மீன்... எந்த நெர்மீன்? நம்ம துறையில மூணு நெர்மீன் இருக்கு. நீ எது?

— கெட்டில் நெர்மீன்.

— அடடே.

— நான் கிளம்பறேன் டாக்டர்.

— யார் கிளம்பச் சொன்னா? உக்காரு.

— இல்ல, உங்களுக்கும் சங்கடம்...

— உக்காருன்னேன். நம்ம டாக்டர் ஃபிக்ரியோட கிருமி ஃப்ரீசர் ப்ளக்கைப் பிடுங்கினது நீதானா?

— நான்தான்.

— இந்தக் கதையை ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரி சொல்றாங்க. ஒருத்தன் குளிர்காலம்ங்கறான், ஒருத்தன் தீப்பிடிச்சதுங்கறான். நீ சொல்லு.

— தீயெல்லாம் இல்ல டாக்டர். ரமதான் மாசம். அவர் லேப்ல உதவிக்குப் போயிட்டிருந்தேன். எல்லாரும் நோன்பு. பொழுது சாயற நேரம், பருப்பு சூப்பு மேசையில வந்தாச்சு, டீக்குத் தண்ணி வெக்கணும். கெட்டிலுக்கு இடமில்ல. சுவத்துல ஒரே ஒரு ப்ளக்குதான் கைக்கு எட்டற மாதிரி இருந்துச்சு.

— அது ஃப்ரீசரோடது.

— அஞ்சு நிமிஷம்தானேன்னு பிடுங்கினேன். தண்ணி கொதிச்சதும் பள்ளிவாசல்ல பாங்கு சொல்லிட்டாங்க. காலையிலேர்ந்து தொண்டை காஞ்சு போன ஜனம்... பேரீச்சம்பழம் எடுத்தோம், சூப்பு குடிச்சோம், டீ குடிச்சோம், சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டோம்.

— ப்ளக்கை யாரும் திரும்பப் போடல.

— போடல. காலையில வந்து பாத்தா தரையெல்லாம் தண்ணி. அவர் வருஷக்கணக்கா சேத்து வெச்ச கிருமி மொத்தமும் உருகிப் போச்சு.

— அந்த ஆளு என்ன சொன்னாரு?

— என்கிட்ட ஒண்ணும் சொல்லல. என்னைத் தவிர எல்லார்கிட்டயும் சொன்னாரு.

— நீதான்னு அவருக்கு யார் போட்டுக் குடுத்தா?

— யாரும் போட்டுக் குடுக்கல. நானேதான் சொன்னேன்.

— நீயேவா? நீ பிடுங்கினதை யாராவது பாத்தாங்களா?

— இல்ல டாக்டர். எல்லாரும் ஜன்னல்கிட்ட நின்னுட்டிருந்தாங்க, பாங்குக்குக் காத்துக்கிட்டு.

— அப்ப காலையில ப்ளக்கைத் திரும்பச் செருகிட்டு, தரையைத் துடைச்சிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்திருக்கலாமே. ராத்திரி கரண்டு போச்சுன்னு எல்லாரும் நினைச்சிருப்பாங்க.

— நினைச்சுப் பாத்தேன். கொஞ்ச நேரம் துணியைக் கையில வெச்சுக்கிட்டே நின்னேன்.

— அப்புறம் என்ன ஆச்சு?

— அங்க ஒரு அண்ணன் முனைவர் பட்டத்துக்கு அந்தக் கிருமிங்களை வெச்சுத்தான் வேலை பாத்துட்டிருந்தாரு. உருகி மறுபடி உறைஞ்சுதுன்னு தெரியாம அதையே எடுத்து வளத்துட்டாருன்னா? வர்ற முடிவெல்லாம் தப்பா வரும். ஏன்னு தெரியாம அந்த மனுஷன் மண்டையைப் பிச்சுக்குவாரு.

— அதுல பாதிக் கிருமி செத்திருக்காது, தெரியுமா?

— தெரியும். அதையும் அவர்கிட்ட சொன்னேன். அதுக்கப்புறம்தான் ரொம்பக் கோவம் வந்துச்சு.

— வராம என்ன. சரி, நான் ஒண்ணு கேக்கறேன். ஏரியில இடுப்பளவு தண்ணியில இறங்குவியா?

— இறங்குவேன்.

— நாணலுக்குள்ள எலி ஓடும்.

— எங்க தெருவுல ஓடாத எலியா.

— கோடையில கொசு பிய்ச்சுத் தின்னுடும். மீன் பிடிக்கறவங்க படகுல போகணும், அவங்க வழியெல்லாம் கிண்டல் பண்ணிட்டே வருவாங்க. வீட்டுக்குப் போனா உங்கம்மா வாசல்லயே நிறுத்தித் துணியை மாத்தச் சொல்லுவாங்க.

— எங்கம்மா எதுவும் சொல்ல மாட்டாங்க டாக்டர். எனக்குக் கைடு கிடைக்கலைன்னே வீட்டுல யாருக்கும் தெரியாது.

— சொல்லலையா?

— எப்படிச் சொல்ல? இந்தப் பாடம் இல்லைன்னா பட்டம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போயிடும். எங்கப்பா துறைமுகத்துல கிரேன் ஓட்டறாரு. நான் பட்டம் வாங்கற அன்னிக்கு அவர் போட்டுக்கன்னு இப்பவே கோட்டுத் துணி எடுத்துத் தைக்கக் குடுத்தாச்சு. தினம் தையக்காரர்கிட்ட போய் கை நீளம் சரியான்னு பாத்துட்டு வராரு.

— அழாத.

— அழல டாக்டர். ஜலதோஷம்.

— மறுபடியும் ஜலதோஷமா. இந்தா, துடைச்சுக்க. மணி என்ன?

— பன்னெண்டு ஆகப் போகுது.

— அட, பேசிப் பேசி நேரம் போச்சே. அந்தத் தாளை எடு, சீக்கிரம்.

— நிஜமாவா? கையெழுத்து போடறீங்களா?

— பேனா எழுதல. உன் பேனாவைக் குடு.

— இந்தாங்க. ஆனா டாக்டர்... நிறைய பேர் கேட்டிருக்காங்கன்னீங்களே. அவங்களுக்கு...

— அவங்களுக்கு நான் சொல்லிக்கறேன். எங்க போடணும், இங்கயா?

— அதுக்குக் கீழ. ஆமா, அங்க... அல்ஹம்துலில்லாஹ். டாக்டர், எனக்கு இப்பதான் மூச்சே வருது. பத்து நாளா நெஞ்சுல கல்லு மாதிரி...

— கொஞ்சம் இரு, போன் அடிக்குது. ஹலோ. ஆமா டாக்டர் வஹ்பா, நான்தான். இருக்கா, இதோ என் எதிர்லதான் உக்காந்திருக்கா. காலையில சொன்னேனே, அதே பொண்ணுதான். பேரா? நெர்மீன். ஆமா... ஆமா, அந்த நெர்மீனேதான். தெரிஞ்சுதான் எடுத்திருக்கேன். நீங்க சிரிச்சு முடிங்க, நான் காத்திட்டிருக்கேன்... சரி. தாள் இப்பவே வருது.

— துறைத் தலைவரா?

— அவரேதான். ஓடு, அவர் சாப்பிடப் போறதுக்குள்ள குடுத்துட்டு வந்துடு. ஞாயித்துக்கிழமை காலையில ரப்பர் பூட்ஸோட வா. ஏன் நிக்கிற?

— காலையில சொன்னேனேன்னு சொன்னீங்க.

— அப்படியா சொன்னேன்?

— நான் காலையில இங்க வரவே இல்லையே டாக்டர். இப்பத்தானே வந்தேன்.

— உன் காதுக்கு மட்டும் ஜலதோஷமே வராது போல.

— அப்ப காலையில சொன்னது வேற பொண்ணா? அவ வந்து கேட்டா என் இடம்...

— எவளும் வர மாட்டா. அப்படி ஒருத்தி இருந்தாத்தானே வர்றதுக்கு? ஒரு மாணவிகூட இல்லைன்னா என் பாடத்தை நிறுத்திட்டு, இந்த அறையை ஃபிக்ரி வாங்கற புது ஃப்ரீசருக்குக் குடுக்கறதா முடிவு பண்ணியிருந்தாங்கம்மா. காலையில வஹ்பா கேட்டப்ப, ஒருத்தி சேந்துட்டா, ரொம்பக் கெட்டிக்காரின்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அந்தக் கெட்டிக்காரிக்கு என்ன பேர் வெக்கறதுன்னு தெரியாம, வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்... நீ வந்து நின்ன. பாலை வார்த்தடி மகளே.