வேணாம்னு மூணு சீட்டு

ஜாய்ஸ்: ...அதான் சொல்றேன், கேளம்பாக்கத்துல இறங்கிடலாங்க. திரும்பி சதுரங்கப்பட்டினத்துக்கு பஸ் கீது.

கிருபாகரன்: இன்னா வெளையாடுறியா? ரிசர்வ் பேங்க் இண்டர்வியூக்கு கெளம்பிட்டு பாதி வழில இறங்குறாளாம். உக்காரு. அங்க கேப்பாங்க, பேங்க் கவர்னர யாரு போடுறது?

ஜாய்ஸ்: மத்திய அரசு.

கிருபாகரன்: அவருக்குக் கீழ?

ஜாய்ஸ்: டெபுடி கவர்னருங்க. நாலு பேர் வரைக்கும். எல்லாத்துக்கும் மேல மத்திய போர்டு... அப்பால மறந்துபூடுச்சுங்க.

கிருபாகரன்: நாஸ்தாவ தொடாம வந்தா மறக்கத்தான் செய்யும். இந்தா, பன்ன துன்னு. வட்டிய ஏத்துறதா எறக்குறதானு யாரு முடிவு பண்றது?

ஜாய்ஸ்: ஆறு பேர் கமிட்டி. பேங்க்லர்ந்து மூணு, அரசு போடுறது மூணு.

கிருபாகரன்: மூணுக்கு மூணுனு நின்னுட்டா?

ஜாய்ஸ்: கவர்னருக்கு இன்னொரு ஓட்டு கீது.

கிருபாகரன்: நம்ம அம்மா மாதிரி.

ஜாய்ஸ்: ம்...

கிருபாகரன்: இன்னா ம்? சர்ச்சு கமிட்டி எலெக்சன் கணக்கா வூட்ல ஆறு பேரும் துண்டுச்சீட்டு போட்டோம். ஜாய்ஸ வெளியூர் வேலைக்கு அனுப்பலாமா, வேணாமா. மூணுக்கு மூணு. அம்மா இன்னொரு சீட்டு போட்டு, போய்ட்டு வரட்டும்னு முடிச்சிச்சு. அங்க கேட்டா இத்தயே சொல்லு.

ஜாய்ஸ்: சிரிப்பு வரலங்க.

கிருபாகரன்: சரி, அடுத்தது. அந்தக் கமிட்டில யாரு எப்டி ஓட்டு போட்டாங்கனு வெளிய தெரியுமா?

ஜாய்ஸ்: தெரியும். பேரோட வெளியிட்டுடுவாங்க. ஏன் அப்டி போட்டேன்னு ஒவ்வொருத்தரும் காரணமும் எழுதணும்.

கிருபாகரன்: பேரோடயா...

ஜாய்ஸ்: இன்னாங்க? கேள்விய நிறுத்திட்டீங்க.

கிருபாகரன்: ஜாய்ஸு... வேணாம்னு வந்த மூணுல ஒண்ணு நான் போட்டது.

ஜாய்ஸ்: நீங்களா?

கிருபாகரன்: திட்டு. புருஷன் போடுற சீட்டா அது? காரணம் சொல்லணும்ல... நீ ஆபீசராகி பம்பாய், டெல்லினு போய்டுவ. நான் மாமல்லபுரம் ஓட்டல்ல ஏ.சி. ரிப்பேர் பாத்துகினு கெடப்பேன். இவன் எதுக்கு நமக்குனு ஒனக்கு தோணிட்டா? பயம்.

ஜாய்ஸ்: இதுக்கா ராவெல்லாம் பொரண்டுகினு இருந்தீங்க?

கிருபாகரன்: ஆமா. அப்பா போட்டத அவரே சொல்லிட்டாரு. என்து ஒண்ணு. மூணாவது தம்பி பொண்டாட்டி கவியா. நானாவது பயத்துல போட்டேன், அவ பொறாமைல போட்டா. அன்னிலர்ந்து அவகிட்ட பேச்சே இல்ல.

ஜாய்ஸ்: பேசுங்க அவகிட்ட.

கிருபாகரன்: எதுக்கு?

ஜாய்ஸ்: காத்தால எனக்கு புடவ கட்டிவுட்டது அவதாங்க. பின் குத்திகினே, நல்லா செய்வீங்கக்கானு சொன்னா... என்னால அவ மூஞ்சிய பாக்க முடியல.

கிருபாகரன்: வேணாம்னு போட்டுட்டு புடவ கட்டிவுட்டா சரியாப்பூடுமா?

ஜாய்ஸ்: அவ போடலங்க.

கிருபாகரன்: ஒனக்கு எப்டி தெரியும்?

ஜாய்ஸ்: மூணாவது சீட்டு நான் போட்டது. இண்டர்வியூல தோத்துட்டேன்னு சொல்றத வுட, வூட்ல வுடலனு சொல்றது சுளுவா பட்டுச்சு.