மடைக்கு வராதவன்

தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் சீனி இன்னும் கொஞ்சம் கூடப் போடுவோம். அது உங்கள் குற்றமில்லை. கேளுங்கள் ஐயா, பொலிசிடம் மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

என் பெயர் இரத்தினம். இங்கே பேர்லின் அருங்காட்சியகத்தின் எலும்புச் சேகரிப்பில் தூசி தட்டுவதும் பெட்டி தூக்கி வைப்பதும் என் வேலை. உங்கள் ஆட்கள் கப்பலேறிப் போன இடங்களிலிருந்தெல்லாம் கொண்டுவந்த மண்டையோடுகள் அங்கே தட்டுத் தட்டாக இருக்கின்றன. ஆரம்பத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

என் மனைவி சிவகௌரியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எங்கள் ஒரே மகன் சேயோனை யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவனை ஜெர்மனிக்குக் கூப்பிட நாங்கள் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. விசாரித்த இடமெல்லாம் "பொறுத்திருங்கோ" என்றார்கள். சமாதானம் வந்து யாழ்ப்பாணப் பாதையும் திறந்தது. அவன் வரவில்லை. சிவகௌரி அவனுக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டு வைத்துவிட்டு, தான் தொடாமல் எழும்பிவிடுவாள். தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடிக்கலாம் என்று கோவில் ஐயர் சொன்னார்.

"புல்லைக் கொளுத்திப்போட்டு என்ர பிள்ளை செத்திட்டான் எண்டு சொல்ல என்னால ஏலாது. எலும்பைக் காட்டுங்கோ, நம்புறன்," என்றாள்.

அவள் கைகள் குச்சியாகிவிட்டன. இவளும் போய்விட்டால் எனக்கு யார் என்று தினமும் செத்துக்கொண்டிருந்தேன்.

தூசி தட்டும்போது ஒரு பெட்டியில் இலங்கை என்று எழுதியிருந்தது. கிழக்குக் கரை வேடர், இளைஞன். சேயோனின் வயதுதான் இருக்கும். மேற்பல் ஒன்று உடைந்திருந்தது. நூறு வருடத்துக்கு மேலாக ஒருவரும் தேடி வராத பிள்ளை. அந்த மண்டையோட்டைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஊரில் ஒருவர் சேயோனைப் புதைத்த இடம் கண்டுபிடித்து, தோண்டி எடுத்து அனுப்பினார் என்று அவளிடம் சொன்னேன்.

சிவகௌரி மடியில் வைத்து நெடுநேரம் தடவினாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளைக்குப் பல்லு உடைஞ்சிருக்கேல்லையே?"

"அடிச்சிருப்பாங்கள்," என்றேன்.

அவள் அதைச் சேலைத் தலைப்பால் சுற்றினாள். பேர்லினுக்கு வெளியே எங்கள் வாடகைத் தோட்டத்தில் விறகடுக்கி எரித்தோம். சாம்பலை ஹாவல் ஆற்றில் கரைத்தோம். அன்று அவள் சோறு தின்றாள். அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

அடுத்த வருடம் கலாதேவி வந்தாள். வாகரைப் பக்கத்து வேடர் குடியிருப்பிலிருந்து, தங்கள் ஆளை அழைத்துப்போக வந்திருந்தாள். அந்தக் கரையில் வேடர் பேசுவது தமிழ்தான். அதனால் பொறுப்பாளர் அல்பேர்ட் மொழிபெயர்க்க என்னையே பக்கத்தில் நிறுத்தினார்.

"துரை ஒருத்தர் வந்து எல்லாருக்கும் தலை அளந்தாராம், அண்ணன். நம்மட பொடியன்தான் அவருக்குத் தேன் குடுத்து, காட்டு வழி காட்டினவன். காய்ச்சல்ல செத்துப்போக, புதைச்சிருக்காங்க. விடியப் பாத்தா மண் கிளறிக் கிடந்த. துரையையும் காணல்ல."

பிறகு சடங்கைச் சொன்னாள். முன்னோருக்குத் தேனும் சோறும் படைத்து மடை வைத்தால், செத்தவர்கள் உயிரோடிருக்கும் ஒருவர்மேல் வந்து பேசுவார்களாம். அந்தப் பொடியன் மட்டும் ஒருநாளும் வந்ததில்லையாம். தலை தூரதேசத்தில் கிடந்தால் எப்படி வருவான் என்று கேட்டாள்.

அந்தத் துரைமேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு தாய் புதைத்த பிள்ளையைத் தோண்டி எடுக்க எப்படித்தான் மனம் வந்ததோ.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், அது போகட்டும். ஆனால் சிவகௌரி திரும்பவும் சேயோனுக்குக் கோப்பை வைப்பாள். அதனால் கீழ்த்தட்டில் கிடந்த, ஊர் பேர் தெரியாத ஒரு தலையை எடுத்து காலியாகக் கிடந்த இலங்கைப் பெட்டியில் வைத்தேன். அந்தக் கீழ்த்தட்டில் ஒரு தலை குறைவதைத்தான் அல்பேர்ட் இப்போது கண்டுபிடித்திருக்கிறார். வேடர்தானே, எலும்பில் அவர்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது என்று நினைத்தேன். இளக்காரமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

கலாதேவி அதை நெஞ்சோடு அணைத்து, "வா மனே, வீட்ட போவம்," என்றாள். நல்ல மனுசி.

ஊருக்குப் போனபின் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணன், மடைக்கு மேல மடை வெச்சிட்டம். அவன் வாறான் இல்ல. கிழடுகட்டையெல்லாம் பட்டினி கிடக்கு. நாங்க என்ன குத்தம் செஞ்சம்?"

சுத்தபத்தமாக இருந்தீர்களோ என்று கேட்டேன். அழுதாள். பொறுத்திருங்கோ என்று சொன்னேன்.

இன்னும் எடுக்கிறாள். நானும் ஒவ்வொரு தடவையும் பேசுகிறேன். பிள்ளை வருவான் வருவான் என்று காத்திருக்கிற மனம் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒருநாளும் அவளிடம் நான் கடுமையாகப் பேசியதில்லை.