கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்

வரப்புக்கும் வயலுக்கும் வழக்காடி வென்ற நம் சங்கத்தின் தலைவர், இன்று இந்த அவைக்கும் தலைவரான முருகையன் அவர்களே, என் உயிரை எனக்கே திருப்பித் தந்துவிட்டு ஒன்றும் அறியாதவர்போல் மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் கமருன்னிஸா அவர்களே, ஊர்ப் பெரியோர்களே, கால் சேறு காயாமல் வந்திருக்கும் தாய்மார்களே, ராசம்மாளின் நன்றி கலந்த வணக்கம்.

நான் பேச வந்தது கூலியைப் பற்றியல்ல, மார்பைப் பற்றி. யாரம்மா அங்கே தலை குனிவது? நிமிருங்கள் தாயே, நாற்று நடவா வந்திருக்கிறோம்?

என் இடது மார்பில் ஒரு கட்டி. வலியில்லை, ஆகவே கவலையுமில்லை. என்னோடு நடவு நடும் நீலாம்பாள்தான் திருவாரூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். அங்கே இந்த மருத்துவர்தான் 'பயாப்சி' என்றார். கத்தி பட்டால் பரவும் என்று களத்துமேட்டில் கேட்டிருந்தேன். அப்படியே எழுந்து பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன்.

பண்ணையிடம் கூலி பேச நாம் தனியாகப் போவதுண்டா? கூட்டமாகப் போவோம். முன்னால் நிற்பவர் காதில் விழுந்ததைப் பின்னால் உரக்கச் சொல்வார். கடைசி ஆளுக்கும் புரிந்த பிறகே தலையாட்டுவோம். நீலாம்பாள் நடவு ஆட்களையே திரட்டி என்னை மறுபடி அழைத்துப்போனாள். அறை கொள்ளவில்லை. மருத்துவர் விரட்டினாரா? இல்லை, கதவை அகலத் திறந்துவைத்தார்.

"பயாப்சின்னா கட்டியிலேர்ந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்கிறது. அதனால நோய் பரவாதுங்க."

"துணுக்குதான் எடுப்பாங்களாம், பரவாதாம்," என்று நீலாம்பாள் வாசலுக்குச் சொன்னாள்.

"பினைன்னு வந்தா புற்று இல்ல. மாலிக்னன்ட்னு வந்தா புற்று."

வாசலில், வரிசையின் கடைசியில் நின்ற நடவுக்காரி அம்சத்தின் குரல் வந்தது. "புத்துன்னா சாவுதானான்னு கேளுங்க."

நீலாம்பாள் கேட்டாள்.

"எந்த ஸ்டேஜ்னு பாக்கணும். ஸ்டேஜ்னா எத்தனை நாள் இருப்பாங்கங்கிற கணக்கு இல்லீங்க. நோய் எவ்வளவு பெருசு, எதுவரைக்கும் போயிருக்குங்கிறது. சீக்கிரம் வந்தா குணமாக்க நல்ல வழி இருக்கு."

அந்தச் சொல்லும் கைமாறிக் கைமாறி வாசலுக்குப் போனது. சற்று நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்சம் உள்ளே வந்தாள். முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எனக்கும் ஒண்ணு இருக்குங்க டாக்டரம்மா. வீட்ல யாருக்கும் சொல்லல."

எனக்கு வந்தது மாலிக்னன்ட், இரண்டாம் ஸ்டேஜ். அறுவை செய்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள், அழுதேன், எழுந்தேன், இதோ நிற்கிறேன். அம்சத்துக்குப் பினைன். அதோ, சிரிக்கிறாள் பாருங்கள்.

என்ன, கை தட்டுகிறீர்களா? பொறுங்கள். எனக்குக் கிடைத்த வாழ்வுக்கு இந்த டாக்டரம்மாவுக்கு ஆயிரம் நன்றி சொல்வேன். ஆனால் வெறும் வாய் நன்றி போதுமா? நான் சொன்னதை உங்கள் பின்னால் இருப்பவரிடம் திரும்பிச் சொல்லுங்கள். இன்றும் கடைசி வரிசையில் ஒருத்தி முந்தானையை இறுக்கிப் பிடித்து நிற்கலாம். அவளுக்குக் கேட்ட பிறகு தட்டுங்கள். அதுவரை நான் இறங்க மாட்டேன்.

நன்றி தாய்மார்களே, வணக்கம். திரும்புங்கள், சொல்லுங்கள்.