திருந்திட்டா

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காபி ஆறுவதற்குள் ஒரு கதை சொல்லி முடித்துவிடுகிறேன். காபி நன்றாக இருக்கிறதா? என் மருமகள் சுபலட்சுமி போட்டு வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறாள். அவள் கைப்பக்குவம் இந்த மதுரை கே.கே. நகரில் யாருக்கும் வராது.

என் மகன் சூரியபிரகாஷ் விபத்தில் போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். நடுவில் ஆறு மாதம் மட்டும் அவள் வீட்டில் இல்லை. என் மகள் மீனாவின் சங்கிலி அவள் பெட்டிக்குள் கிடந்தது. கோர்ட்டில் தண்டனை கொடுத்துவிட்டார்கள். வாராவாரம் ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தேன். எந்த மாமியார் போவாள், சொல்லுங்கள்.

இந்த வருஷம் நர்சிங் படிக்கப் போகிறேன் என்றாள். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி, அங்கேயே ஹாஸ்டல். முன்பு குற்றத்துக்காகத் தண்டனை பெற்றதுண்டா என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தது.

"எழுதவா, வேணாமா அத்தை?"

"மறைக்காத தாயி. உண்மையச் சொன்னா ஒரு கொறையும் வராது."

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை, நேரில் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் பஸ் ஏறினேன்.

முதல்வர் தங்கமான பெண்மணி. மறைக்காமல் எழுதியதே பெரிசு, தண்டனை பெற்றவர்களுக்கும் இங்கே இடமுண்டு என்றார். சுபலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தண்டனை அனுபவிச்சது நெசம் மேடம். எடுத்தது நெசமில்ல."

அந்த அம்மாள் நம்பிவிட்டார். பேனாவைத் திறந்தபடி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று என்னைப் பார்த்தார்.

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். "திருந்திட்டா மேடம். இப்பல்லாம் வீட்ல எதையும் தொடுறதில்ல."

நல்ல வார்த்தைதானே அது? அவர் பேனாவை மூடிவிட்டார். பழைய தண்டனைக்காக இடம் மறுக்கவில்லை, இன்றைக்கு எதிரில் உட்கார்ந்து சொன்ன பொய்க்காகத்தான் மறுக்கிறேன் என்றார்.

திரும்பவும் பஸ் ஏறினோம். மாட்டுத்தாவணியில் இறங்கும்போதுதான் கேட்டாள்.

"பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல அத்தை?"

"கூட்டமா இருக்கு, கையப் பிடிச்சுக்க" என்றேன். அவள் பிடிக்கவில்லை. நான்தான் பிடித்துக்கொண்டேன்.

தெரியாமல் என்ன, வைத்தவளே நான்தானே. அப்போதும் அவள் படிக்கத்தான் கிளம்பியிருந்தாள், சென்னைக்கு. திருடி என்று பேர் வாங்கியவளை வேறு யார் வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? நான் வைத்துக்கொண்டேன்.

டம்ளரை அங்கேயே வையுங்கள், அவள் வந்து எடுப்பாள். உங்கள் வீட்டுக்கும் இப்படி விட்டுப் போகாத மருமகள் வாய்க்கட்டும். நன்றாக இருங்கள்.