மணக்கிற மருந்து

— இந்தாங்கோ தங்கச்சி, உங்கட கிறீமை நீங்களே வைச்சிருங்கோ. கரப்பனுக்கு எண்டு தந்தீங்கள், இப்ப கை அழுகுது.

— சந்திரா அக்கா, முதல்ல அந்தத் துணிய அவிழுங்க. கையப் பாக்காம நான் என்னத்தச் செல்ற?

— பாருங்கோ. வடிவாப் பாருங்கோ.

— அல்லாவே. விரலிடுக்கெல்லாம் சீழ். மஞ்சளாப் பொருக்கும் கட்டியீக்கி. எத்தின நாளா?

— ஒரு கிழமை. உங்கட பாமசியை நம்பி வந்த எனக்கு இது வேணும்.

— நில்லுங்க. நான் தந்தது ரெண்டு மருந்து தானே. போத்தல்ல ஈக்கிற கிருமி மருந்தத் தண்ணியில கலந்து கழுவிட்டு, பொறகுதான் கிறீம மெல்லிசாப் பூசச் சென்னேன். கழுவினீங்களா?

— இல்லை.

— ஒரு நாளும்?

— அது மணக்கும், தங்கச்சி. எங்கட நண்டுக் கொம்பனியில காலமை வாசல்லயே கையை நீட்ட வேணும். சிவந்திருந்தா வீட்ட போ. மருந்து மணந்தாலும் வீட்ட போ, புண்ணை ஒளிக்கிறாய் எண்டு. மோந்து பாத்துத்தான் உள்ள விடுறது. கிறீம் மணக்காது. ரெண்டு நாளில சிவப்பும் போட்டுது.

— சிவப்புத்தான் போகும், கிருமி போகாது. நாள் முழுக்க ஈரத்தில நண்டு உடைக்கிற கை, ஓடு குத்தின காயம் வேற. கழுவாம மேலால கிறீமத் தடவினா கிருமிக்குக் கொண்டாட்டம் தானே.

— நான் என்ன செய்ய? அகதி முகாமால வெளிக்கிட்ட நாள் தொடக்கம் இந்த வேலையிலதான் ரெண்டு பிள்ளையளைப் படிப்பிக்கிறன்.

— உங்கள ஏசல்ல அக்கா. எனக்கு இப்பதான் விளங்குது. இந்த மாசம் உங்கட கொம்பனிப் புள்ளைங்க நாலு பேர் இதே கையோட வந்தாங்க. கழுவினோம் எண்டு எனக்கிட்டப் பொய் சென்னாங்க.

— ஆரார்?

— மர்ளியா, மதுசா, இன்னொரு புள்ள. றோசமேரிக்குக் கை முழங்கை வரைக்கும் வீங்கி, காய்ச்சலோட ஆஸ்பத்திரியில.

— றோசமேரியோ?

— ஓம். நீங்களும் இப்பவே டொக்டர்ட்டப் போங்க. நாளைக்கி நான் கொம்பனிக்கு வாறன். பொம்புளைங்கட கைய நாய் மாதிரி மோந்து பாத்துத் துரத்துறவ யாரு? பேரச் செல்லுங்க. ஏன் கைய ஒளிக்கிறீங்க, பயமா?

— நீங்கள் அங்க வரத் தேவையில்லை, தங்கச்சி. மூண்டு மாசமா மோந்து பாக்கிறது நான்தான், என்ர கையை மனேச்சர் மோந்து பாப்பார். கழுவாதை, கிறீமை மட்டும் பூசிக்கொண்டு வா எண்டு றோசமேரிக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்.